புத்தகம் நகரவில்லையா? வாசிப்புச் செயல்திட்டத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் எங்கள் கிளை நூலகத்தின் வாசற்படியில் பள்ளிப் பிள்ளைகளின் செருப்புகள் நிறைந்துவிடும். ஒவ்வொருவர் கையிலும் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் இருக்கும். ‘விருப்பமான நூல் ஒன்றைப் படித்து நூல் மதிப்புரை எழுதி வருக’ என்ற ஒற்றை வரி அதில் இருக்கும். நூலகராக அந்தத் தாள்களைப் பல ஆண்டுகளாக வாங்கிப் பார்த்துவருகிறேன். ஆளுக்கொரு புத்தகத்தோடு போவார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களில் சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வருவார்கள். “படிக்கவே முடியவில்லை அக்கா” என்பார்கள். கூட வரும் அம்மாவோ அப்பாவோ, “இவனுக்குப் படிக்கிற பழக்கமே இல்லை, கைப்பேசிதான் காரணம்” என்பார்கள்.

நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. பெரும்பாலும் பழுது பிள்ளையிடம் இருப்பதில்லை. அந்தப் பிள்ளைக்கும் அந்தப் புத்தகத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது. எழுத்தின் அளவிலா, மொழிநடையிலா, பக்கக் கணக்கிலா, கதைக்களத்திலா என்று கண்டுபிடித்துவிட்டால் அரைமணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைப் பார்த்து அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதற்கும் முன்னால்: அந்தத் தாளைப் படியுங்கள்

ஒரு மாணவி நல்ல நாவல் ஒன்றை முழுதாகப் படித்து, குறிப்பும் எடுத்து முடித்தாள். அதன் பிறகுதான் ஆசிரியர் கேட்டது தன்வரலாற்று நூல் என்று தெரிந்தது. அவள் அழுததை நான் மறக்கவில்லை. அதனால் மேசைக்கு வரும் எல்லோரிடமும் நான்கு கேள்விகள் கேட்கிறேன். எந்த மொழி நூல்? குறைந்தது இத்தனை பக்கம் என்று சொல்லியிருக்கிறார்களா? கதையா, கட்டுரையா, வாழ்க்கை வரலாறா, எதுவானாலும் சரியா? கடைசியில் கொடுக்க வேண்டியது எழுத்தா, பேச்சா, படங்களோடு கூடிய தொகுப்பா?

தமிழ்நாட்டுப் பாடநூலில் நூல் மதிப்புரைக்கென்று குறிப்புச்சட்டகமே இருக்கிறது. நூலின் தலைப்பு, மையப்பொருள், மொழிநடை, வெளிப்படுத்தும் கருத்து, நூலின் நயம், கட்டமைப்பு, சிறப்புக்கூறு, நூலாசிரியர். ஆசிரியர் இதே தலைப்புகளின்படி மதிப்பெண் தருபவராக இருந்தால் அது தேர்வையே மாற்றும். இருபது தனித்தனிக் கதைகள் உள்ள தொகுப்புக்கு ஒரே மையப்பொருள் எழுதப் புகுந்தால் பிள்ளை திண்டாடிப்போகும். அப்போது குறுநாவல்தான் வசதி. ஒரு சிறுகதையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பதிலும் தவறில்லை. சரி என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர்.

“எதை எடுப்பது என்றே தெரியவில்லை”

அலமாரி முன்னால் அரைமணி நேரமாக நிற்கும் பிள்ளையிடம் ‘உனக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். அதற்கு விடை தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை அங்கே நின்றிருக்காது. ‘நண்பர்களோடு எதைப் பற்றி அலுக்காமல் பேசுவாய்?’ என்று கேளுங்கள். விடை உடனே வரும்.

மாடு, காளை, ஜல்லிக்கட்டு என்று சொன்ன பையனுக்கு சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’. 1959இல் நூலாக வந்தது, நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும். தன் தந்தையைக் கொன்ற காரிக்காளையைப் பிடிக்க வரும் பிச்சியின் கதை. மூச்சுவிடாமல் படிக்கலாம். கணினி, ரோபோ என்று பேசுபவருக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் எழுதியவர் 2021ஆம் ஆண்டு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்திருக்கிறார். அந்த ஆண்டைக் கடந்து வந்துவிட்ட பிள்ளைக்கு, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதவே பத்துப் பக்கம் கிடைக்கும். பறவை, தோட்டம், ஊர்சுற்றல் என்றால் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’. கிரிக்கெட்டையும் வரலாற்றையும் சேர்த்துச் சொன்ன பதினொன்றாம் வகுப்பு மாணவனுக்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ கொடுத்தேன். இந்தியா விடுதலை பெற்ற பிறகும் நிஜாமின் ஆட்சியில் இருந்த செகந்திராபாத்தில், 1948 வரை ஓர் இளைஞன் கண்ட கொந்தளிப்பு அது. இறுதிக் காட்சி மனத்தைக் கனக்கச் செய்யும் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேட இன்னொரு வழியும் உண்டு. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் விருது வழங்கிவருகிறது. யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020க்கும், உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023க்கும், விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025க்கும் பரிசு பெற்றவை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தால் தேடும் நேரம் மிச்சம்.

எப்படித் தேடினாலும் மூன்று புத்தகத்துக்கு மேல் மேசையில் வைக்காதீர்கள். வைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்று ‘இது நல்ல புத்தகம், இதை எடு’ என்று சொன்னால் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் போய்த் திறக்க மாட்டார்கள்.

“பத்துப் பக்கத்துக்கு மேல் போகவில்லை”

நான் அதிகம் கேட்கும் புகார் இது. இதற்கு ஒரே மருந்து கிடையாது. ஏனென்றால் நோய் ஒன்றல்ல. பிள்ளையை நின்றுபோன பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், காதை மட்டும் கொடுங்கள். எங்கே தடுக்குகிறது என்பதைக் கேட்டாலே பாதி புரிந்துவிடும்.

பேச்சு வரும் இடங்களில் தடுக்கினால் அது வட்டார வழக்கு. கம்மாய், தொழு, பொழி என்று வரும்போது சென்னைப் பிள்ளை தயங்குவது இயல்பு. கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை அதே வரியில் சிரிக்கும். இந்தத் தடங்கலுக்குப் புத்தகத்தை மாற்ற வேண்டாம். வட்டார வழக்கு காதுக்காக எழுதப்படுவது. கண்ணால் எழுத்துக்கூட்டும்போது கரடுமுரடாக இருப்பது வாயால் சொல்லும்போது சரளமாகிவிடும். முதல் பதினைந்து பக்கத்தை வீட்டில் யாராவது உரக்கப் படித்துக் காட்டட்டும். பாட்டி இருக்கும் வீடு என்றால் அவரையே படிக்கச் சொல்லலாம். கரிசல் சொற்களுக்கு கி.ரா. தாமே ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். அகராதியைப் புரட்டிப் புரட்டி ஒரு வாரம் அதிலேயே கிடந்த மாணவர்கள்கூட உண்டு. அந்தச் சொற்களே அவர்களுடைய செயல்திட்டத்தின் சிறப்புக்கூறு ஆகிவிட்டது.

நீண்ட வாக்கியங்களில் மூச்சு முட்டினால், அதுவும் அயல்மொழி நாவலாக இருந்தால், மொழிபெயர்ப்பைச் சந்தேகப்படுங்கள். ஒரே நூலுக்கு இரண்டு மூன்று தமிழாக்கங்கள் இருக்கக்கூடும். ஹெமிங்வேயின் சிறுநாவலை ச.து.சு. யோகியார் ‘கடலும் கிழவனும்’ என்று தமிழில் தந்தார். பிறகு எம்.எஸ். ‘கிழவனும் கடலும்’ என்று தந்தார். இரண்டின் முதல் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது தன் மூச்சுக்கு ஒத்துவருகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். மூல மொழியிலிருந்து நேரடியாக வந்ததா என்பதையும் முன்பக்கத்தில் பாருங்கள். ‘குட்டி இளவரசன்’ பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்கு வந்தது, 1981இல். அந்தத் தெளிவு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

சரளமாகப் படிக்கிறான், ஆனால் ‘இப்போது பேசியது யார்?’ என்று கேட்டால் விழிக்கிறான் என்றால், பெயர்கள் குழம்புகின்றன. பழைய காலண்டர் அட்டையில் ஒரு துண்டு வெட்டிப் பக்கம் குறிக்கும் அட்டையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிதாக ஒருவர் வரும்போதெல்லாம் பெயரும் உறவும் அதில் ஏற வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். கட்டமைப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதுவதற்கும் அதுவே உதவும்.

வரி விட்டு வரி தாவுகிறாள், புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோகிறாள், அரைமணியில் தலைவலி என்கிறாள் என்றால் வேறெதையும் ஆராய வேண்டாம். கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். ‘படிக்கப் பிடிக்காத பிள்ளை’ என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பெண்ணை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். மூக்குக்கண்ணாடியோடு திரும்பி வந்தவள் அந்த ஆண்டு எங்கள் பதிவேட்டில் அதிகம் இரவல் எடுத்தவர்களில் ஒருத்தி. கண் சரியாக இருந்தால் பதிப்பைப் பாருங்கள். நாட்டுடைமையான நூல்களைப் பலரும் அச்சிடுகிறார்கள். அவற்றில் சில மலிவுப் பதிப்புகள், பக்கத்தைக் குறைப்பதற்காக எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் வருகின்றன. இருபது ரூபாய் மிச்சப்படுத்தப் போய்ப் படிப்பையே இழக்க வேண்டாம்.

எங்குமே தடுக்கவில்லை, கதையும் புரிகிறது, யார் யார் என்றும் சொல்கிறாள், ஆனால் ஆர்வமே இல்லை என்றால் அந்தப் புத்தகம் அவளுக்கானது இல்லை. மாற்றிவிடுங்கள். முப்பது பக்கம் நேர்மையாகப் படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மாற்றலாம் என்பது என் கணக்கு. ‘எடுத்ததை முடிக்க வேண்டாமா?’ என்று சில அப்பாக்கள் கண்டிப்பார்கள். தட்டில் போட்ட சோற்றை வீணாக்கக் கூடாது என்பதைப் புத்தகத்துக்கும் பொருத்துகிறார்கள். நூலகப் புத்தகம் வீணாவதில்லை ஐயா. அது அலமாரிக்குத் திரும்பி வேறொருவருக்காகக் காத்திருக்கும். இரண்டு ஆண்டு கழித்து இதே பெண்கூட வந்து அதைக் கேட்கலாம்.

“ஐந்து பாகத்தையும் வாங்கிவிட்டோம், முதல் பாகமே முடியவில்லை”

‘பொன்னியின் செல்வன்’ பற்றித்தான் சொல்கிறீர்கள். திரைப்படம் வந்த பிறகு இந்தப் புகார் பெருகியது. ஆசை நல்லது, அளவுதான் சிக்கல்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். பிள்ளையை வழக்கமான வேகத்தில் பத்து நிமிடம் படிக்கவிட்டுப் பக்கத்தை எண்ணுங்கள். ஐந்து பக்கம் என்றால் அரைமணிக்குப் பதினைந்து. ஒன்பது நாள் விடுமுறையில் எழுதுவதற்கு மூன்று நாளை ஒதுக்கிவிட்டால் மிச்சம் ஆறு நாள். நாளுக்கு அரைமணி என்றால் தொண்ணூறு பக்கம். அது ‘வாடிவாசல்’ அளவு. நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் நூற்றெண்பது. அது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போன்ற நாவலின் அளவு. ஐந்து பாகங்கள் இந்தக் கணக்கில் எங்கும் அடங்காது.

ஆனாலும் வாங்கியது வாங்கியதாக இருக்கட்டும். முதல் பாகமான ‘புதுவெள்ள’த்தை மட்டும் எடுத்துக்கொண்டு செயல்திட்டம் செய்ய ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். படிக்கும் முறையையும் மாற்றுங்கள். இந்தக் கதை 1950இல் தொடங்கி மூன்றரை ஆண்டுகள் வாராவாரம் இதழில் வந்தது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்த வாரத்துக்காக ஒரு கொக்கி போட்டிருக்கிறார் கல்கி. முந்தைய வாரத்தை மறந்தவர்களுக்காகச் சிலவற்றைத் திரும்பச் சொல்லவும் செய்கிறார். ஒரே மூச்சில் விழுங்கினால் அந்தத் திரும்பச் சொல்லல் சலிப்பாகத் தெரியும். நாளுக்கு மூன்று அத்தியாயம் என்று படித்தால் கொக்கி வேலை செய்யும். அந்தக் கொக்கிகளையே வரிசையாகக் குறித்து, தொடர்கதை எப்படிக் கட்டப்படுகிறது என்று ஒரு மாணவி எழுதிக் காட்டினாள். கட்டமைப்பு என்ற தலைப்புக்கு அதைவிட நல்ல விடையை நான் பார்த்ததில்லை.

சுருக்கப் பதிப்பை வாங்கிக் கொடுத்து வேலையை முடித்துவிடாதீர்கள். கதை மட்டும் மிஞ்சும், கல்கி இருக்க மாட்டார். கல்கியையே குறைந்த பக்கத்தில் படிக்க வேண்டும் என்றால் ‘பார்த்திபன் கனவு’ இருக்கிறது.

“முழுவதும் படித்துவிட்டேன், எழுத ஒன்றுமே வரவில்லை”

கதைச்சுருக்கம் மூன்று பக்கம் எழுதிவிட்டு, ‘இந்நூல் மிகவும் நன்றாக இருந்தது’ என்று முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, எடுத்த புத்தகம் கேள்வியே எழுப்பாதது. வெற்றி பெறப் பத்து வழிகள், முன்னேற நூறு யோசனைகள் என்ற வகை நூல்களைப் பெற்றோர்கள் மிகுந்த நல்லெண்ணத்தோடு வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் நூலே சொல்லி முடித்துவிட்டால் பிள்ளை சொல்வதற்கு என்ன மிச்சம்? செயல்திட்டத்துக்கு இரண்டு பக்கமும் நியாயம் பேச முடிகிற புத்தகம் வேண்டும். ‘வாடிவாசல்’ கடைசிப் பக்கங்களில் ஜமீன்தார் ஒன்று செய்கிறார். அது சரியா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், மணி அடித்த பிறகும் பேச்சு நிற்காது. ‘தண்ணீர்’ நாவலில் சென்னைத் தெருவில் குழாயடியில் ஒரு குடத்துக்காக அலைபவர்கள் எல்லோரும் ஒரே பஞ்சத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி தவிக்கவில்லை. ஏன்? அதை எழுதத் தொடங்கினால் மையப்பொருள் தானாக வந்துவிடும்.

இரண்டாவது காரணம், புத்தகம் நல்லதுதான், படிக்கும்போது எதையும் குறித்து வைக்கவில்லை. இதற்காக மறுபடி முழுவதையும் படிக்கச் சொல்லித் தண்டிக்க வேண்டாம். மூன்று இடங்களை மட்டும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். கோபம் வந்த இடம், நம்ப முடியாத இடம், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிய இடம். ஒவ்வொன்றுக்கும் பக்க எண், ஒரு வரி மேற்கோள், ‘ஏன்’ என்று நான்கு வரி. சட்டகத்தில் நயம், கருத்து, சிறப்புக்கூறு என்ற மூன்றுக்கும் இதிலிருந்தே எடுக்கலாம். கதைச்சுருக்கம் ஒரு பத்திக்கு மேல் போகக் கூடாது. ஆசிரியருக்குக் கதை தெரியும். அந்தப் பிள்ளையைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

“வகுப்பில் பாதிப் பேர் இதே புத்தகம்தான்”

ஒவ்வோர் ஆண்டும் அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ எங்கள் அலமாரியிலிருந்து முதல் நாளே போய்விடும். அருமையான நூல்தான். ஆனால் நாற்பது மதிப்புரைகளில் இருபது ராமேசுவரத்தில் தொடங்கினால் ஆசிரியரும் களைத்துப்போவார். இன்னொரு கலாம் நூலைத் தேடாதீர்கள். இந்த நூலில் பிள்ளைக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். எளிய வீட்டிலிருந்து கல்வியால் எழுந்த கதை என்றால், அதே தாகம் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் இருக்கிறது. முழு நூல் பெரியது. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேரும் பகுதியையும், 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியையும் மட்டும் எடுத்தால் போதும். படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிச் சொல்லும் இளம் ஆசிரியர் சாமிநாதையரிடம், இவற்றால் என்ன பயன், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்பார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் அவருடைய சீவக சிந்தாமணிப் பதிப்பே பிறந்தது. தான் கற்றதெல்லாம் போதாது என்று ஒருவர் உணரும் அந்தக் கணத்தைப் பதினைந்து வயதில் படிக்க வேண்டும். எனக்கு அந்த வயதில் யாரும் கொடுக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பயணமும் துணிவும் பிடித்தது என்றால் ஏ.கே. செட்டியாரின் பயண நூல்கள். காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக உலகம் முழுவதும் திரிந்து படச்சுருள் சேகரித்த மனிதர் அவர்.

“கதை எனக்கு ஒத்துவராது”

ஒத்துவராவிட்டால் போகட்டும். கதை படிப்பது மட்டும்தான் வாசிப்பு என்று யார் சொன்னது? இயற்கையில் நாட்டமுள்ளவர்களுக்கு மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற கட்டுரைத் தொகுப்பு. நாம் தினமும் பார்க்கிற காகத்தையும் அணிலையும் இவர் எழுதிப் படிக்கும்போது அவை புதியவையாகத் தெரியும். அடுத்த படியாக சு. தியடோர் பாஸ்கரனின் சுற்றுச்சூழல் கட்டுரைகள். கட்டுரை நூலுக்கு மதிப்புரை எழுதும்போது, படித்ததில் ஒன்றைத் தானே போய்ப் பார்த்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டு மாடியில் ஒரு வாரம் பறவைகளைக் குறித்துவைத்தால் போதும், சிறப்புக்கூறு கைக்கு வந்துவிடும்.

“படம் பார்த்துவிட்டேன், புத்தகம் எதற்கு?”

பார்த்ததை மறைக்க வேண்டாம், அதையே கருவியாக்கலாம். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. 2019இல் வந்த ‘அசுரன்’ அதைத் தழுவியது. நாவலில் கண்ணும் காதும் பதினைந்து வயதுச் சிதம்பரத்துடையவை. படத்தில் தந்தை முன்னால் வந்துவிடுகிறார். இந்த மாற்றத்தால் கிடைத்தது என்ன, போனது என்ன என்று எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தைத் திறக்காமல் இதை எழுத முடியாது. பிள்ளைக்கும் அது தெரியும்.

“தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள்”

வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டு வந்த குடும்பங்களில் இது அதிகம். பதினான்கு வயதுப் பெண்ணிடம் முயல், ஆமை கதைப் புத்தகத்தை நீட்டினால் அவள் கூசிப்போவாள். எழுத்து எளிமையாகவும் பொருள் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ இதற்கென்றே எழுதப்பட்டது போன்றது. கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அடிவாங்கும் ஒரு மாணவியின் கதையை, அறிவியல் நூலுக்கு முன்னுரை எழுதும் ஆசிரியை சொல்கிறார். மெல்லிய நூல், ஆனால் படித்த யாரும் அன்று இரவு சரியாகத் தூங்கியதில்லை. ஜப்பானிய நூலான ‘டோட்டோ-சான்’ தமிழாக்கமும் நல்லது. ரயில்பெட்டிகளை வகுப்பறையாக்கிய அந்தப் பள்ளியைப் பற்றிச் சின்னச் சின்ன அத்தியாயங்களாக வருவதால், நாளுக்கு இரண்டு என்று முன்னேறலாம்.

ஒருவர் உரக்கப் படிக்க, பிள்ளை எழுத்தின் மேல் விரல் வைத்துப் பின்தொடரட்டும். இப்படிக் கேட்டுப் படிப்பதும் படிப்புதான். கற்றலில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கும் இதே முறை. முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது.

“இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?” – வீட்டில் தயக்கம்

தயக்கம் சரியானதே, ஆனால் தடை வேறு. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ மலைவாழ் மக்கள் அதிரடிப்படையிடம் பட்ட கொடுமைகளை மறைக்காமல் சொல்கிறது. அதை எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நான் தரமாட்டேன். பதினொன்றாம் வகுப்பு மாணவி கேட்டால், அவள் அம்மாவை முதலில் படிக்கச் சொல்வேன். சாதிக் கொடுமையைச் சொல்லும் நூல்களை மட்டும் ‘இதெல்லாம் இப்போது எதற்கு’ என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாமாவின் ‘கருக்கு’ நூலில் வரும் சிறுமிக்கு அது நடந்தபோது அவளும் பள்ளிப் பிள்ளைதான். அனுபவிக்கும் வயது வந்துவிட்டது என்றால், படிக்கும் வயதும் வந்துவிட்டது. அருகில் இருந்து பேசுங்கள், அது போதும்.

“புத்தகம் எங்கேயும் கிடைக்கவில்லை”

கிளை நூலகத்தில் இல்லை என்றால் மாவட்ட மைய நூலகத்தைக் கேளுங்கள். சென்னையில் கன்னிமாரா, மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். கைப்பேசித் திரையில் முழு நாவல் வேண்டாம், சிறுகதைக்கு அது போதும்.

“நாளை மறுநாள் கொடுக்க வேண்டும், இன்னும் தொடங்கவே இல்லை”

பதற வேண்டாம். திட்டவும் வேண்டாம், அதற்கு நேரம் இல்லை. ஆசிரியர் சிறுகதையை ஏற்பார் என்றால் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை இன்றிரவே படிக்கலாம். புத்தகங்களுக்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும் ஒரு வீட்டில், சாரங்கன் என்ற சிறுவனுக்கு மட்டும் அன்பளிப்பு வந்து சேரவில்லை. அவ்வளவுதான் கதை. நூல்தான் வேண்டும் என்றால் ‘ஆயிஷா’ அல்லது ‘வாடிவாசல்’. இரவு உணவுக்கு முன் பாதி, பின் பாதி. காலையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, மாலையில் எழுதத் தொடங்கினால் இரவுக்குள் முடிந்துவிடும்.

எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது, உள்ளே வைத்த பெயர்ப்பட்டியல் அட்டையை எடுத்துவிட வேண்டாம். அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்து எடுக்கப்போகிற பிள்ளையும் அதே பத்தாம் பக்கத்தில்தான் நிற்கும்.